பெண்கூலியும் ஸ்கேன் அறையும்

தருமபுரி மாவட்டத்தில் கருவின் பாலினத்தைத் திருட்டுத்தனமாகக் கண்டு சொல்லும் கும்பல்கள் பிடிபடுவது புதிய செய்தியல்ல. கைது நடக்கிறது, ஸ்கேன் கருவி பறிமுதலாகிறது, கொஞ்ச நாளில் வேறு கும்பல் பிடிபடுகிறது. 1994இல் வந்த தடைச் சட்டம் தேவையானதுதான். ஆனால், பெற்றோர் பணத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கும்பல்களின் வாசலுக்கு ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 87,777 பேர், பெண் குழந்தைகள் 80,163 பேர். ஆயிரம் ஆணுக்கு 913 பெண். மாநிலச் சராசரியோ 943. பெண் கருவைக் கலைப்பதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கென்னவோ இது கூட்டிக் கழித்துப் பார்த்துச் செய்யும் காரியமாகவே படுகிறது. அந்தக் கணக்கின் முதல் வரி கூலி.

ஆண்கூலி, பெண்கூலி என்று இரண்டு விலை இருப்பது நம் கிராமங்களில் யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை. நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு, வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆணுக்கு. புளி சீசனில் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை பெண்களுடையது. கூலி கிலோ கணக்கில். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தம்பதியரில் கணவன் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிவிடுவான். மனைவி சித்தாளாகப் போய்ச் சித்தாளாகவே ஊர் திரும்புவாள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். வேலையையே பிரித்துவிட்டால் சட்டத்துக்கு எங்கே பிடி கிடைக்கும்? இப்படிக் குறைத்து மதிக்கப்பட்ட உழைப்பும் கல்யாணத்தோடு இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகிறது, நகையும் சேர்த்து. 1989இலேயே தமிழ்நாடு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருபவளே நல்ல மகள்.

ஆண் செய்வது கடின வேலை, அதனால்தான் கூலி கூடுதல் என்பார்கள். நாள் முழுக்கக் குனிந்து களை பறிப்பதை லேசான வேலை என்று தீர்மானித்தது யார்? டிராக்டர் வந்து ஆணின் பாடு குறைந்தபோது அவன் கூலியை யாரும் குறைக்கவில்லையே. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கூலிதான் காரணமென்றால் வசதியான வீடுகளிலும், செழிப்பான பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பெண் சிசுக்கள் குறைவாக இருப்பது ஏன்? நியாயமான கேள்வி. அங்கே கூலியின் இடத்தில் நிலம் இருக்கிறது. அது மகன் வழியாகவே இறங்குகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்கூலி உள்ள தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நீலகிரியில் அதே 2011இல் விகிதம் 985. பழங்குடிச் சமூகங்களின் வழக்கமும் அங்கே சேர்ந்திருக்கும். கூலி மட்டுமே காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அதை ஒதுக்கிவிட்டுப் பேசவும் முடியாது.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவை முதலமைச்சர் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24 அன்று. வீட்டு உழைப்புக்கு உரிமை என்ற பெயர் கிடைத்தது சின்ன விஷயமல்ல. ஆனாலும் மாதம் 1,000 ரூபாயில் தொடங்கிய அந்தத் தொகை களத்துக் கூலியைத் திருத்தாது. நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி கொடுக்க முடிந்த அரசுக்கு, தன் கட்டடப் பணிகளை எடுக்கும் ஒப்பந்ததாரரிடம் பெண் கொத்தனார்களைக் கேட்பதும் அவர்களுக்குப் பயிற்சி தருவதும் முடியாத காரியமல்ல. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வரும் பெண்ணிடம், அவள் பங்கின் மதிப்பு எவ்வளவு என்று சார்பதிவாளர் தனியாக அழைத்துச் சொல்லலாம். ஸ்கேன் மையங்களைச் சோதிக்கும் அதிகாரிகளோடு தொழிலாளர் துறையும் இந்த ஊர்களுக்கு வர வேண்டும்.