உழவு இயந்திரத்துக்குப் பல் பார்த்தல்

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவன் எருதின் கொம்பிற் பூசிய வண்ணத்தைக் கண்டு மயங்குவதில்லை. சுழி பார்ப்பான்; வாயைத் திறந்து பல் பார்ப்பான்; நாலு அடி நடக்கவிட்டு நடையும் பார்ப்பான். அதே உழவன் பழைய உழவு இயந்திரம் ஒன்றை விலைபேசச் சென்றால், புதிதாகச் சிவப்பு வண்ணம் பூசி நிற்கும் அதன் முகத்தைக் கண்டவுடனே முற்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறான். அப்பணம் பல குடும்பங்களில் மனைவியின் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பெற்ற பணம் என்பதை எண்ணும்போது, இப்பொருள் பற்றி இவ்வாரம் சில சொல்ல வேண்டுமென நாம் கருதினோம்.

நம் வயற்புறங்களில் இன்றும் ஓடும் பழைய இயந்திரங்களுள் மெசி பேர்குசன் 35, 135 ஆகியன யாவரும் அறிந்தவை. ஆதலின் அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாணாக்கர் பொருட்டு அவற்றின் குலமுறையைச் சுருங்கக் கூறுவோம். அயர்லாந்தில் 1884 இற் பிறந்த ஹரி பேர்குசன் என்பார், தாமே செய்த விமானத்தில் 1909 இற் பறந்தவர். அக்காலத்து உழவு இயந்திரங்கள் கலப்பையைப் பின்னே இழுத்துச் சென்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் இயந்திரத்தின் முன்பாகம் மேலெழுந்து, ஓட்டுபவர்மேல் மல்லாந்து விழுவதும் உண்டு. பேர்குசன் கலப்பையை மூன்று புயங்களால் இயந்திரத்தோடு பிணைத்து, எண்ணெயின் அமுக்கத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் வகைசெய்தார். இம்முறையில் அமைந்த ரீ.ஈ. 20 என்னும் சிறு இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. எட்மண்ட் ஹிலரி 1958 சனவரியில் தென்துருவத்தை அடைந்ததும் இவ்வினத்து இயந்திரங்களைச் செலுத்தியே. அதன் வழித்தோன்றல்களே 35 உம் 135 உம்.

வாங்கப் புறப்படுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. பத்துப் பரப்பில் வெங்காயமும் மிளகாயும் வைப்பவருக்கு நாற்சில்லு இயந்திரம் வேண்டியதில்லை. இருசில்லு இயந்திரமோ கூலி உழவோ போதும். இரண்டு மூன்று ஏக்கர் வயலோடு, எரு ஏற்றவும், விறகு இழுக்கவும், மண் மட்டப்படுத்தவும் ஆண்டு முழுவதும் சில்லறை வேலை உள்ளவருக்கே அது பயன்படும். ஆண்டுக்கு எத்தனை உழவு, எத்தனை நாட் பெட்டி இழுப்பு என எண்ணி, அவற்றின் கூலியைக் கூட்டுக. மறுபுறத்தில் டீசல், ரயர், பழுதுச்செலவு, அடகு வட்டி ஆகியவற்றைக் கூட்டுக. இக்கணக்கை இல்லத்தரசியும் உடனிருந்து பார்ப்பது நன்று. நகைக்கு உரியவர் அவரல்லவா?

பார்க்கச் செல்லும்போது காலையிலே செல்க. எஞ்சினின்மேல் முதலிற் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருப்பின், நாம் வருமுன்னரே யாரோ அதனைக் கிளப்பி வைத்திருக்கிறார் என்பது பொருள். குளிர்ந்த எஞ்சின் எவ்வாறு கிளம்புகிறது என்பதை அன்று அறியமுடியாது. வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புதலே முறை. குளிர்ந்திருப்பின், கிளப்புமுன் எண்ணெய்க் கோலை உருவிப் பார்க்க. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனுள் நீர் புகுந்துள்ளது. றேடியேற்றர் மூடியைத் திறந்து, நீரின்மேல் எண்ணெய்ப்படலம் மிதக்கின்றதா என்றும் காண்க.

பின் எஞ்சினைக் கிளப்பச் செய்து புகையை நோக்குக. தொடக்கத்தில் வெண்புகை வந்து விரைவில் மறையுமாயின் அஞ்சவேண்டா. நீலப்புகை விடாது வருமாயின், பிஸ்ரன் வளையம் முதலியன தேய்ந்து எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. கரும்புகை காற்று வடியின் அடைப்பையோ, டீசல் தெளிகருவியின் பழுதையோ காட்டும். 35 என்னும் பெயரில் இருவகை டீசல் எஞ்சின்கள் வந்தன என்பதையும் நினைவிற் கொள்க. முந்தியது நான்கு சிலிண்டர் கொண்டது. எளிதிற் கிளம்பாது என்று பெயர் எடுத்தது. 1959 அளவில் வந்த பேர்கின்ஸ் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். டீசல் தெளிக்கும் குழாய்களை எண்ணினாலே இரண்டையும் வேறுபடுத்தி அறியலாம். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் 135 இலும் பொருத்தப்பட்டமையால், அதன் உதிரிப்பாகங்கள் பெறுதற்கு எளியவை.

வாங்குவோர் பலர் எஞ்சினின் ஓசையை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றனர். நம் கருத்திலே, சேற்று வயலில் உழைத்த இயந்திரத்தின் உண்மை நிலை அதன் பின்பாகத்திலேதான் உள்ளது. இவ்வினத்து இயந்திரங்களில் கியர்ப்பெட்டிக்கும், பின் அச்சுக்கும், கலப்பையை உயர்த்தும் பம்பிக்கும் ஒரே எண்ணெய்தான். சேற்றில் அமிழ்ந்து உழும்போது அச்சின் அடைப்பு வளையங்கள் தேய்ந்திருந்தால், சேற்றுநீர் உள்ளே புகுந்து மூன்றையும் ஒருங்கே கெடுத்துவிடும். இயந்திரம் ஓர் இரவு அசையாது நின்றபின், அடியிலுள்ள வடிகால் ஆணியைச் சற்றே தளர்த்தச் செய்க. நீர் எண்ணெயினும் பாரமானது. ஆதலால் அடியில் தங்கிய நீரே முதலில் வடியும். பௌதிகம் கற்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால் உடன் அழைத்துச் செல்க. பாடநூலில் அடர்த்தி என்று படித்தது, குடும்பத்தின் பணத்தைக் காக்கும் விதத்தை அங்கே கண்ணாற் காணலாம்.

அடுத்து, அரைமணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடேறிய பின், கலப்பையைப் பூட்டி உயர்த்தச் செய்க. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் கசிவை மறைக்கும். சூடேறி இளகிய எண்ணெயோ காட்டிக்கொடுக்கும். கலப்பை நடுங்காமல் ஏறி, ஏறிய உயரத்தில் நிற்க வேண்டும். தலையாட்டும் மாடுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே கசிவு உண்டு. இவ்வியந்திரங்களுக்குத் தனிச் சட்டம் இல்லை; எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு என்பன ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. எனவே கிளச் தட்டு ஒன்றை மாற்றுவதற்கும் இயந்திரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாகத்தின் விலை சிறிதாயினும் வேலைக்கூலி பெரிதாகும்.

ஒவ்வொரு கியரிலும் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க. பாரம் ஏறும்போது கியர் தானே கழன்றுவிடுமாயின், பற்கள் தேய்ந்துவிட்டன. இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் தனித்தனிப் பிறேக் உண்டு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க. பின் சில்லின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால், அந்தப் பிறேக்கை நம்புதல் ஆகாது. பின் ரயர்கள் வெடித்திருக்கின்றனவா, அவற்றின் இரும்பு வளையங்களைத் துரு தின்றிருக்கிறதா என்பதையும் நோக்குக. ஒரு சோடி ரயரின் விலை, பேசிய விலையில் ஒரு பங்காகிவிடும்.

பத்திரத்தைப் பார்ப்பதும் பல் பார்ப்பதைப் போன்றதே. பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கங்கள் இயந்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா, கடன் கொடுத்த நிறுவனம் எதற்கேனும் உரித்து இருக்கிறதா என்பதைப் பணம் கைமாறுமுன் உறுதிசெய்க. வன்னியில் 2008 இலும் 2009 இலும் நேர்ந்த இடப்பெயர்வுகளில், எத்தனையோ குடும்பங்களை வீட்டுச் சாமான்களோடு சுமந்தவை இந்த உழவு இயந்திரப் பெட்டிகளே. அவ்வாறு அலைந்தவற்றுட் பத்திரம் தவறிப்போனவையும் உண்டு. அவற்றின்மேல் நமக்கு நன்றியும் இரக்கமும் இருக்கலாம். ஆயினும் உரித்து மாற்ற முடியாத இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தல் தகாது.

இறுதியாகக் கூறுவது உயிர் பற்றியது. பழைய இயந்திரங்கள் சிலவற்றிற் பாதுகாப்பு ஆளி பழுதடைந்திருக்கும். அப்போது நிலத்தில் நின்றபடியே திருப்புளியால் ஸ்ராட்டர் முனைகளைத் தொடுத்துக் கிளப்புவோர் உளர். கியர் விழுந்திருந்தால் இயந்திரம் பாய்ந்து, அருகில் நிற்பவர்மேல் பெரிய பின்சில்லு ஏறிவிடும். விற்பவர் அவ்வாறு கிளப்பிக் காட்டினால், ஆளியைச் சீர்செய்து தரும்படி முதலிற் கேட்க. சுழலும் பின் தண்டுக்கு மூடி இல்லையேல் சாரமும் சேலையும் அதிற் சிக்கும். பாரத்தை எப்போதும் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே பூட்டுக. அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், பேர்குசன் தவிர்க்க முனைந்த அதே விபத்தை நாமே வரவழைப்போம். புதிய இயந்திரங்களுக்குக் கவிழ்காப்புச் சட்டம் வேண்டுமென்று சுவீடன் 1959 இலேயே விதித்தது. நாம் பேசும் பழைய இயந்திரங்களிற் பல அஃதின்றியே உள்ளன. ஆகவே பிள்ளைகளை மட்காட்டின்மேல் ஏற்றிச் செல்லும் வழக்கம் அறவே ஒழியவேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, வீட்டுக்கு வந்த முதற் கிழமையிலே எண்ணெயை மாற்றி, பிறேக்கைச் செப்பனிட்டு, தண்டுக்கு மூடி பொருத்துங்கள். வண்ணம் பூசுவதை அடுத்த போகத்து அறுவடைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.