ஜென்டில்மேனுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறவரா நீங்கள்? யாராவது ஒரு பையன் அம்பயரை முறைத்தால் போதும், கமென்ட்டேட்டர் பெருமூச்சு விடுவார். “இது ஜென்டில்மேன் ஆட்டமாச்சே!” நாமும் தலையாட்டுவோம்.

யார் சார் அந்த ஜென்டில்மேன்?

ஒருத்தரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் ராபர்ட் பூர். விக்டோரியா மகாராணியின் ராணுவத்தில் மேஜர். 1899 கோடையில் லீவில் இங்கிலாந்து வந்தார். ஜூன் 12-லிருந்து ஆகஸ்ட் 12 வரை, இரண்டே மாதம், ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடினார். 16 இன்னிங்ஸில் 1,399 ரன். ஏழு சதம். அதில் ஒன்று, டான்ட்டனில் சோமர்செட்டுக்கு எதிராக அடித்த 304. அந்த சீசனில் அவருடைய மொத்த சராசரி 91.23. அதைத் தாண்ட 1930-ல் பிராட்மன் வரவேண்டியிருந்தது. போலோ, டென்னிஸ், வாள் வீச்சு என்று மற்றதிலும் மனுஷன் கில்லாடி.

சத்தியமாக எனக்கும் ஆச்சரியம்தான். அவர் ஆட்டத்தைக் குறை சொல்ல நான் யார்? என் புகார் வேறு.

அந்தக் கால இங்கிலாந்து கிரிக்கெட்டில் ‘ஜென்டில்மேன்’ என்பது நல்ல குணத்துக்குக் கொடுத்த பட்டம் இல்லை. ஆடுவதற்குக் காசு வாங்காதவர் என்று அர்த்தம். கூலி வாங்கி ஆடுகிறவன் ‘பிளேயர்’. இரண்டு பேருக்கும் தனித்தனி டிரஸ்ஸிங் ரூம். பல மைதானங்களில் உள்ளே நுழைகிற வாசலே தனித்தனி. 1962 வரை நீடித்த பந்தி வஞ்சனை இது.

நான் பி.காம். படித்தவன். ஒருத்தர் ‘காசே வாங்கலை’ என்றால், அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று பார்ப்பது பழக்கதோஷம். பூரின் கணக்கையும் பார்த்தேன்.

அவர் கிரிக்கெட்டை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதே இந்தியாவில்தான். ஏழாவது ஹுஸார்ஸ் குதிரைப்படையோடு வந்தவர், 1892-லிருந்து 1895 வரை புனா கவர்னர் மாளிகை அணிக்கு ஆடினார். சராசரி 80. இந்தியாவில் நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் படைகளின் செலவு இந்திய கஜானா தலையில். அந்த கஜானாவை நிரப்பியதில் நிலவரியும் உப்பு வரியும் உண்டு. ஆக, கஞ்சியில் போட்ட உப்புக்கு வரி கட்டியவன்தான் பூர் துரையின் நெட் பிராக்டீஸுக்கு ஸ்பான்சர். எந்தப் பலகையிலும் பேர் வராத ஸ்பான்சர்!

சரி, சம்பளத்துக்கு என்ன வேலை பார்த்தார்? 1896-ல் படை தென்னாப்பிரிக்காவில் இருந்ததால், அந்த நாட்டுக்காக இங்கிலாந்தை எதிர்த்தே மூன்று டெஸ்ட் ஆடினார். அடுத்து, இன்றைய ஜிம்பாப்வேயில் நிடெபெலே, ஷோனா மக்களின் எழுச்சியை அடக்கிய போரில் இருந்தார். போயர் போரில் ராணுவ போலீஸின் தலைவர். கைதிகளைச் சுட்டுக் கொன்றதற்காக மோரான்ட் என்ற அதிகாரியை 1902-ல் பிரிட்டிஷ் ராணுவமே சுட்டது. அந்த விவகாரத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் புரட்டுவது பூரின் டைரியை.

டான்ட்டனில் அவரோடு ஆறாவது விக்கெட்டுக்கு 411 ரன் சேர்த்த வின்யார்டும் ராணுவ அதிகாரிதான். பர்மாவைப் பிடித்த போரில் விருது வாங்கியவர். பிட்ச்சின் இரண்டு முனையிலும் சாம்ராஜ்யம்!

“அந்தக் காலம் அப்படி சார்” என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் காலத்தை ஒழுக்கத்துக்கு அளவுகோலாக நீட்டாதீர்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்து பேட் வாங்கிய பையனுக்கு ஒரு தப்பான அவுட் என்றால் குடும்பமே அவுட். அவன் முறைக்கத்தான் செய்வான். தப்பென்றால் அபராதம் போடுங்கள். விதி இருக்கிறது. ஆனால் லீவு போட்டு வந்து ஆடிய துரையைக் காட்டி ‘அவரைப் பார், எவ்வளவு நாகரிகம்’ என்று பாடம் எடுக்காதீர்கள். அந்த நாகரிகத்துக்கு பில் கட்டியது வேறு ஆள்.

பூரின் 304-ஐ தாராளமாக வரவு வையுங்கள். கூடவே பற்றுப் பக்கத்தையும் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய லெட்ஜரில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.