ஓடும் வண்டியிலே தொலைக்காட்சி

யப்பானிலே பொறியியல் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் 2012ஆம் ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். என் வீட்டுக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு சிறு மடிக்கணினியை எடுத்து மேசைமீது வைத்தார். அப்பியாசக் கொப்பியளவுதான் இருக்கும். அதன் பக்கத்திலே பெருவிரல் பருமனுள்ள ஒரு துண்டைச் செருகி, அதிலிருந்து ஊசிபோன்ற அன்ரெனாவை இழுத்து நீட்டினார். "இதிலேதான் சேர், புகைவண்டியில் போய்வரும்போது தொலைக்காட்சி பார்ப்பேன்" என்றார். பிள்ளைகள் ஆவலோடு சூழ்ந்துகொண்டனர். திரையோ கறுப்பாகவே இருந்தது. அக்கருவி அறிந்த அலை நம் வானத்தில் இல்லை. பிள்ளைகள் கலைந்துவிட்டனர், நான் விடவில்லை. ஓடும் வண்டியிலே படம் குலையாமல் வருவது எவ்வாறு என்று வினவினேன்.

வினவியதற்குக் காரணம் உண்டு. பழைய தொலைக்காட்சியில் அலை மெலிந்தால் திரையில் மழை பெய்வதுபோலிருக்கும்; ஆயினும் ஆளைத் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டல் முறையிலோ இந்த இடைநிலை இல்லை. ஓர் எல்லைவரை படம் பளிங்குபோல் தெளிந்திருக்கும். எல்லையைத் தாண்டினால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். வண்டி ஓடும்போது அலையின் வலிமை கணந்தோறும் மாறுகிறது. கட்டிடங்களிற் பட்டுத் தெறித்த அலைகளும் பிந்தி வந்து கலக்கின்றன. போதாக்குறைக்கு, வேகத்தினால் அலையெண்ணும் சிறிது பிசகுகிறது.

யப்பானியர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஓர் அலைவரிசையை 13 கூறுகளாக வகுத்து, 12ஐ வீட்டுத் திரைக்கும் நடுவிலுள்ள ஒன்றைப் பயணிகளுக்கும் ஒதுக்கினர். 'வன்செக்' என்ற பெயரில் அச்சேவை 2006 ஏப்ரல் 1ஆந் திகதி தொடங்கியது.

வகுப்பில் இரைச்சல் மிகுந்தால் ஆசிரியன் என்ன செய்வான்? நுட்பமான வாக்கியங்களை விட்டு, ஒன்றோடொன்று மயங்காத சில சொற்களையே உரத்துச் சொல்வான், திரும்பவும் சொல்வான். இங்கும் அதே உபாயந்தான். வீட்டுக்குரிய கூறுகளில் வரும் ஒவ்வொரு குறியும் 64 வடிவங்களுள் ஒன்றாயிருக்கும். சிறு குழப்பத்திலும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள நேரும். பயணிக்குரிய கூற்றில் வடிவங்கள் 4 மாத்திரமே. பிழை நேர்ந்தாற் சரிசெய்துகொள்ள மேலதிகக் குறிகளும் உடன் வருகின்றன. இதற்குக் கொடுக்கும் விலை, படத்தின் சிறுமை. குறுக்கே 320 புள்ளிகளே உண்டு. பெரிய திரையிற் பார்க்கச் சகிக்காது. மடிக்கணினியின் ஒரு மூலைக்குப் போதும். சுரங்கப்பாதையில் அதுவும் மறைந்துவிடும். வேறு மாகாணத்துக்குள் புகுந்தால் நிலையங்களைப் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

"இத்தனை பாடும் பேஸ்போல் பார்ப்பதற்கோ?" என்று நகைத்தேன். மாணவர் சிரிக்கவில்லை.

2011 மார்ச் 11ஆந் திகதி பிற்பகல் 2.46க்குப் பூமி அதிர்ந்தது. டோக்கியோவிலே புகைவண்டிகள் நின்றன. தொலைபேசி அழைப்புகள் போகவில்லை. நிலைய வாயிலில் நின்ற இவர் மடிக்கணினியைத் திறந்தார். முன்பின் அறியாத பத்துப் பதினைந்து பேர் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி, வடகிழக்குக் கரையைக் கடல் விழுங்குவதைக் கண்டனராம். ஒருவரும் பேசவில்லை என்றார்.

தொலைபேசி செயலற்ற வேளையிலும் இது செயற்பட்டதில் மாயமொன்றுமில்லை. தொலைபேசிக் கோபுரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறுமொழி சொல்லவேண்டும்; எல்லாரும் ஒரே வேளையில் அழைத்தால் திணறிவிடும். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு ஒருவர் பார்த்தாலும் ஓர் இலட்சம் பேர் பார்த்தாலும் ஒன்றே. அது தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கோபுரம் நிற்கவேண்டும், கையில் பேட்டரி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எனினும் யப்பானியரே அதனைப் பின்னர் பேணவில்லை. ஐபோனில் அவ்வசதி இடம்பெறவே இல்லை. பிற கைபேசிகளிலிருந்தும் மெல்ல மறைந்தது. அக்கைபேசியை வைத்திருந்தாலே பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்குக் கட்டணஞ் செலுத்தவேண்டும் என்று 2019இல் உச்சநீதிமன்றம் முடிவுசெய்தது. பிறகு யார்தான் அதை விரும்பி வாங்குவர்? மக்கள் இணையத்திலே படம் பார்க்கப் பழகிவிட்டனர்.

மாணவர் ஊரைவிட்டுப் புறப்படும்போது, "புதிய கைபேசியிலேயே இருக்கிறது சேர், இது இனித் தேவையில்லை" என்று அந்தத் துண்டை என்னிடமே விட்டுச் சென்றார். 2014இல் இலங்கை தன் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு யப்பானிய முறையையே தெரிந்தெடுத்தது என்று படித்த அன்று, லாச்சியைத் திறந்து அதனை எடுத்துப் பார்த்தேன். அம்முறையில், ஆபத்து வேளையிலே உறங்கும் கருவியைத் தானே விழிப்பிக்கும் எச்சரிக்கைக் குறிக்கும் இடமுண்டு.

2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து தெற்கே சென்ற புகைவண்டி பெரலியவில் கடலலைக்குள் அகப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னரே கிழக்குக் கரையை அலை தாக்கியிருந்தது. வண்டியிலிருந்தோர்க்கு அச்செய்தி எட்டவில்லை.

நம் நாட்டுத் திட்டத்திலே 13 கூறுகளும் பெரிய திரையின் அழகுக்கே போய்விடுமோ, அல்லது நடுவிலுள்ள அந்த ஒன்றைப் பயணிகளுக்கென விட்டுவைப்பார்களோ? பொறுப்புள்ளவர்களிடம் கேட்டறிய விரும்புகிறேன்.