மாற்றினால் போதுமா?

சென்ற மாதம் அம்பத்தூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். அவ்வீட்டு அம்மையார் இறைவனில் துயில்கொண்டு மூன்று வாரங்களே ஆகியிருந்தன. தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் நம்மை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு வேண்டுகோள் விடுத்தார்.

"ஐயா, முப்பதாம் நாள் திருப்பலிக்குள் அவளுடைய படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும். பிள்ளைகளின் கைப்பேசிகளில் நிறைய உண்டு. ஆனால் அவையெல்லாம் அவள் நோயில் விழுந்த பிறகு எடுத்தவை. நலமாயிருந்த நாளின் முகம் ஒன்றுகூட அகப்படவில்லை."

அகப்படாமற் போன கதையையும் அவரே சொன்னார். வெளிநாட்டில் பணியாற்றும் மகன் 2009-ஆம் ஆண்டில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கி வந்தார். மூத்த மகளின் திருமணம் உட்பட மூன்றாண்டு நிகழ்ச்சிகள் அதில் பதிவாயின. 2012-இல், மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இளைய மகளுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த முதற் கணினி அது. காமிராவிலிருந்த படங்களை எல்லாம் அன்றே அதற்கு மாற்றினார்கள். காமிராவில் இடம் காலியாக வேண்டுமே என்று 'காப்பி' செய்யாமல் 'கட்' செய்து மாற்றினார்கள். பிறகு இணைப்புக் கம்பி எங்கோ தொலைந்தது. அடுத்த இரண்டாண்டுப் படங்கள் மாற்றப்படாமலே தங்கிவிட்டன.

2015 திசம்பர் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த திருமண ஆல்பமும் மடிக்கணினியும் இரண்டு நாட்கள் நீரில் கிடந்தன. ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கணினி உயிர் பெறவில்லை. பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டார்கள். பரண் மீது துணிப்பையில் கிடந்த காமிரா மட்டும் நனையவில்லை. அதன் பாட்டரி செத்துப்போனதால் அதை யாரும் தொடவுமில்லை.

காமிராவிலிருந்து மெமரி கார்டை வெளியே எடுத்து, பக்கத்து வீட்டு இளைஞர் கொண்டுவந்த மடிக்கணினியில் கார்டு ரீடர் வழியாகச் செருகினோம். இந்தக் கார்டை 'ஃபார்மட்' செய்ய வேண்டும், செய்யலாமா என்று திரை கேட்டது. இளைஞரின் விரல் 'சரி' என்பதை நோக்கி நகர்ந்தது. "தம்பி, பொறுங்கள்" என்று தடுத்தோம். ஃபார்மட் செய்வதென்பது எழுதிய பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடுவதைப் போன்றது. கார்டின் பொன்னிறப் பட்டைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு ரீடரில் வைத்தோம். சற்று நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின.

மொத்தம் 186 படங்கள். அவற்றுள் ஒன்பதில் மட்டுமே அம்மையார் இருந்தார். குடும்பத்தார் அனைவரும் வரிசையாக நிற்க, அவர் எப்போதும் அடுக்களையில் இருந்திருக்கிறார். பேரனின் ஞானஸ்நான விருந்தன்று இட்லிப் பானையின் ஆவிக்கு நடுவே, யாரோ அழைத்த குரலுக்குத் திரும்பிச் சிரித்த படம் ஒன்று. பெரியவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான்" என்ற ஒரு சொல்லே அவரிடமிருந்து வந்தது.

அன்பு வாசகர்களே, இந்நிகழ்ச்சியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பொறுப்புடன் மாற்றிய படங்கள் அழிந்தன. மறந்துபோய் விட்ட படங்கள் பிழைத்தன. அப்படியாயின் மாற்றுவது தவறா? அல்ல. மாற்றுவதையே காப்பதென்று கருதியதுதான் தவறு. ஒரு பெட்டியில் இருந்ததை எடுத்து மற்றொரு பெட்டியில் வைத்தால், ஆபத்து இடம் மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை. ஒன்று இரண்டாகும்போதுதான் காவல் தொடங்குகிறது.

பழைய படங்களுக்கு இக்கவலை இத்துணை இல்லை. 1955-இல் ஆவடியில் காங்கிரசு மாநாடு நடைபெற்றபோது எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை இன்றும் வெறுங்கண்ணால் காண முடிகிறது. டிஜிட்டல் படமோ பிறந்த நாள் முதலே வேறொரு கருவியின் தயவை நாடி நிற்பது. 1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை ஒலிநாடாக் காசெட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அப்படத்தைக் காண்பதற்கோ வேறொரு கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டியிருந்தன. இன்றைய மெமரி கார்டில் படங்கள் மிக நுண்ணிய மின்னூட்டங்களாக நிற்கின்றன. பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தால் அவை மெல்லக் கசிந்துபோகவும் கூடும். ஆகவே அலமாரியில் பழைய காமிரா உறங்கும் இல்லத்தார் இனியும் காலந்தாழ்த்தலாகாது.

செய்ய வேண்டிய முறை எளியது. எஸ்.டி. கார்டாயின் அதன் ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைக் கீழே தள்ளிப் பூட்டிவிடுங்கள். பூட்டிய கார்டிலிருந்து படங்களைப் பார்க்கலாம், படியெடுக்கலாம்; தவறுதலாக அழிக்க இயலாது. கணினியில் கார்டு திறந்ததும் 'டி.சி.ஐ.எம்.' என்ற உறையை முழுமையாகக் காப்பி செய்யுங்கள். கட் செய்யும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். பாதி வழியில் கம்பி கழன்றாலோ மின்சாரம் நின்றாலோ இழப்பு உங்களுடையதே. காப்பி முடிந்த பின் இருபுறமும் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கம், நடு, இறுதி என்று சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகே, கணினியில் முறைப்படி விடுவித்துக் கார்டை வெளியே எடுங்கள்.

உறைக்கு ஆண்டும் நிகழ்ச்சியும் குறித்துப் பெயரிடுங்கள். காமிராவின் கடிகாரம் நின்றுபோயிருந்தால் படத்திலுள்ள தேதி பொய் சொல்லும். வீட்டுப் பெரியவர்களின் நினைவே அங்கு மெய்ச்சான்று. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே, அது போதாதா என்று சிலர் கேட்கின்றனர். சாதாரணமாக அவ்வழியே செல்லும் படம் சுருக்கப்பட்டே சேர்கிறது. பெரிதாக்கிச் சுவரில் மாட்ட முற்படும்போது அந்தக் குறை தெரியும்.

கைதவறி அழித்துவிட்டவர்களும் உடனே மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலும் அட்டவணையிலிருந்து பெயர்தான் நீங்குகிறது. படம் சில காலம் உள்ளேயே தங்கும். அக்கார்டில் புதிதாக ஒரு படமும் எடுக்காமல், விவரம் அறிந்தவரிடம் கொடுத்தால் மீட்கும் வாய்ப்புண்டு. அவ்வாறே நீரில் நனைந்த கணினியைத் தட்டி இயக்கிப் பார்க்காதீர்கள், எடைக்கும் போட்டுவிடாதீர்கள். அதன் ஹார்டு டிஸ்கிலிருந்து படங்களை எடுத்துத் தரும் தொழில் வல்லுநர் உண்டு, செலவு கூடுதலாகலாம். நம் பெரியவர் இதை அறிந்திருந்தால், மகளின் திருமணக் கோலமும் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

இறுதியாக, இரண்டாவது படி எங்கே இருக்க வேண்டும்? நம் மேற்குப் புறநகர் ஏரிகள் சூழ்ந்த நிலம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி என்று நீர் நம்மைச் சுற்றியே நிற்கிறது. 2015-இல் மட்டுமன்று, 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததைக் கண்டோம். ஒரே அலமாரியில் வைத்த இரண்டு படிகள் ஒரே வெள்ளத்தில் போகும். ஆகவே மற்றொரு படியைத் தனி ஹார்டு டிஸ்கில் பதிந்து, வேறோர் ஊரில் அல்லது மேட்டுப் பகுதியில் வாழும் மகன், மகள், உடன்பிறந்தார் இல்லத்தில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பம் கூடும்போது அதைத் திறந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நல்ல படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த முறை குடும்பப் படம் எடுக்கும்போது, அடுப்பைச் சிறிது தணித்துவிட்டு அன்னையையும் அழைத்து நடுவில் நிறுத்துங்கள். எடுக்காத படத்தை எந்தக் கணினியாலும் மீட்டுத்தர இயலாது.