முப்பத்தாறு படம்

நமது நண்பர்களில் இருவர் போட்டோக்காரர்கள். இருவரும் எண்பதை நெருங்குகிறவர்கள். ஒரே ஊரில், ஒரே கடைத்தெருவில், எதிரெதிரே ஸ்டூடியோ வைத்து நாற்பது வருஷம் நடத்தியவர்கள். ஒருவர் பிலிம் கட்சி. மற்றவர் டிஜிட்டல் கட்சி. இவ்விருவரையும் ஒரே மாலையில் காப்பிக்கு அழைக்கும் அசட்டுத் தைரியம் நமக்கு எப்படி வந்ததோ! காப்பி ஆறிற்று, வாதம் ஆறவில்லை.

பிலிம் கட்சிக்காரர் சொன்னார்: "ஒரு ரோலில் 36 படம். கல்யாணத்துக்கு நாலு ரோல் எடுத்துப் போவேன். தாலி முடிச்சு விழுகிற நேரத்தைத் தவறவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? ஆகையால் கண் அங்கேயே இருக்கும். இந்தக் காலத்துப் பையன்கள் 5,000 படம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்த கையோடு குனிந்து காமிராவின் முதுகைப் பார்க்கிறார்கள். அவர்கள் குனிந்திருக்கிற சமயத்தில்தான் பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்!"

"உமக்கென்ன ஓய்! என் பாதி ஆயுள் இருட்டறையில், ஹைப்போ வாசனையிலேயே போய்விட்டது. ஒரு முகூர்த்தத்தில் ரோல் பல்சக்கரத்தில் மாட்டாமல் நழுவிவிட்டது. எடுத்தது 36; விழுந்தது பூஜ்யம். கழுவின பிறகுதான் தெரிந்தது. பெண் வீட்டார் முன்னால் அன்றைக்கு நான் நின்ற நிலை என் சத்துருவுக்கும் வேண்டாம்" என்றார் மற்றவர்.

இந்த வழக்கு நமது கடைத்தெருவோடு நிற்பதன்று. உலகப் பிரசித்தி பெற்ற நிபுணர்களும் இதில் வாதி பிரதிவாதிகளாக நின்றிருக்கிறார்கள். 1935-ல் கோடாக் கம்பெனி வெளியிட்ட 'கோடாக்ரோம்' என்னும் வர்ணப் பிலிமின் உற்பத்தி 2009-ல் நின்றது. கடைசியாகத் தயாரான ரோலை ஸ்டீவ் மக்கரி என்பவரிடம் கொடுத்தார்கள். பச்சைக் கண்களோடு உற்று நோக்கும் ஆப்கன் சிறுமியை 1984-ல் அதே ஜாதிப் பிலிமில் எடுத்தவர் அவர். அந்த ஒரு ரோலோடு நியூயார்க்கிலும் நமது ராஜஸ்தானத்திலும் திரிந்து, எண்ணி எண்ணி 36 படம் எடுத்தார். 36-ம் நம்முடையவை என்று தெரிந்தால் விரல் எவ்வளவு யோசிக்கும்!

பிரேஸில் தேசத்து ஸெபாஸ்டியாவ் ஸல்காடோ 2025-ல் காலமானார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவருக்கு ஈடு சொல்வது கடினம். மனிதன் கைபடாத நிலப்பரப்புகளைத் தேடி எட்டு வருஷம் அலைந்த அவருக்கு, 2001-ஆம் வருஷத்து நியூயார்க் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையங்களில் எக்ஸ்ரே சோதனை தீராத தொல்லையாயிற்று. பிலிம் மேலும் மேலும் கதிர் பட்டால் கெட்டுப் போகும். வேறு வழியின்றி 2008-ல் டிஜிட்டல் காமிராவை எடுத்தார். ஆனால் கம்ப்யூட்டர்த் திரையில் படம் பொறுக்க அவர் மனம் ஒப்பவில்லை. பழையபடி எல்லாவற்றையும் காகிதத்தில் சிறிது சிறிதாக அச்சடிக்கச் சொல்லி, பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டே பொறுக்கினார். கருவியை மாற்றினார், பார்க்கும் வழக்கத்தை மாற்றவில்லை. இவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று நமது நண்பர்கள் அரை மணி நேரம் சண்டையிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிலிமுக்கு எமனான டிஜிட்டல் காமிரா பிறந்ததே பிலிம் கம்பெனியின் வீட்டில்தான். 1975-ல் கோடாக்கின் இளம் என்ஜினீயர் ஸ்டீவன் ஸாஸன் அதைச் செய்தார். கனம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. பிள்ளையைப் பெற்றவர்கள் அதை வளர்க்கத் தயங்கினார்கள். 2012-ல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. (பிலிம் மட்டும் அங்கே இன்றைக்கும் தயாராகிறது.)

நமது தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்நிய நாட்டுப் பிலிமையே நம்பியிராமல் நாமே செய்துகொள்ள வேண்டுமென்று இந்திய சர்க்கார் 1960-ல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை நிறுவிற்று. குளிர்ச்சியும் தூசியின்மையும் பிலிம் பூச்சுக்கு ஏற்றவை அல்லவா? அங்கிருந்து 'இண்டு' என்ற முத்திரையோடு வந்த கறுப்பு வெள்ளைப் பிலிமில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முகங்கள் பதிந்திருக்கின்றன. இன்று அங்கே இயந்திரங்கள் ஓடவில்லை.

படத்தின் தெளிவைப் பற்றிய தகராறு தீர்ந்துவிட்டதென்றே நினைக்கிறோம். மங்கலான விளக்கொளியில் டிஜிட்டல் செய்யும் காரியத்தைப் பிலிமினால் செய்ய முடியாது. நம் கவலையெல்லாம் படம் எத்தனை நாள் இருக்கும் என்பதைப் பற்றியது. 1897-ல் ஸ்வீடன் தேசத்து ஆண்ட்ரே என்பவர் இரு தோழர்களோடு பலூனில் வடதுருவத்துக்குப் புறப்பட்டார். மூவரும் திரும்பவில்லை. 33 வருஷங்களுக்குப் பிறகு, 1930-ல், ஒரு பனித்தீவில் அவர்களுடைய எலும்புகளும் கழுவப்படாத பிலிம்களும் அகப்பட்டன. கழுவிப் பார்த்தபோது 93 படங்கள் தேறின. தரை தட்டிய பலூனை இருவர் நின்று பார்க்கும் காட்சி அவற்றில் ஒன்று.

இதைச் சொன்னதும் பிலிம் கட்சிக்காரரின் முகம் மலர்ந்தது. அவசரப்பட வேண்டாம் என்றோம். துருவத்துப் பனி வேறு, நமது கரையோரத்து ஈரம் வேறு. இங்கே பிலிமில் பூஞ்சைக் காளான் பூக்கிறது. நடராஜ முதலியார் நூறாண்டுக்கு முன் எடுத்த 'கீசக வதம்' என்ற தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தில் ஓர் அடி கூட இன்று இல்லை.

சென்ற ஆவணியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தகப்பனாரை இழந்த ஒரு பிள்ளை, கூடத்தில் மாட்டப் படம் வேண்டுமென்று டிஜிட்டல் நண்பரிடம் வந்தான். 2006-ல் அந்தத் தகப்பனாருக்கு நடந்த சஷ்டியப்த பூர்த்தியை எடுத்தவர் இவரே, 900 படம். எல்லாம் ஒரு டிஸ்க்குக்குள். அதை மாட்டினால் 'டிக், டிக்' என்று சப்தம் கேட்டதே தவிர, ஒரு படமும் வெளியே வரவில்லை. வீட்டிலும் அச்சடித்த பிரதி இல்லை; கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று அந்நாளில் வேண்டாமென்று விட்டார்களாம். நண்பர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் எதிர்க் கட்சிக்காரரின் வீட்டுப் படி ஏறினார். கடையை மூடிய பிறகும் தகரப் பெட்டிகளைப் பரணில் வைத்திருந்தார் அவர். பழைய பேரேட்டைப் புரட்டி, 1974, வைகாசி, இன்ன நம்பர் என்று கண்டுபிடித்தார். அந்தத் தகப்பனாரின் கல்யாண நெகடிவ்! ஊட்டிப் பிலிம். மாப்பிள்ளையின் கன்னத்தில் மட்டும் காளான் ஏறியிருந்தது.

டிஜிட்டல் நண்பர் அதை ஸ்கான் செய்து, இரவெல்லாம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகக் காளானை நீக்கிப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார். அந்த வீட்டு அம்மாள் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இவருக்கு அப்போது மீசை இருந்ததா? மறந்தே போய்விட்டேனே!" என்றாராம்.

பிள்ளை கொடுத்த 600 ரூபாயை வாங்கிக்கொள்ள இருவரும் மறுக்கிறார்கள். நெகடிவ் தான் எடுத்ததில்லை என்கிறார் ஒருவர். படம் தான் போட்டதில்லை என்கிறார் மற்றவர். பணம் நமது மேஜைமேல் இருக்கிறது.