நடுக்குவாதத்தார் நடையும் ஊசி வைத்தியமும்

எமது கல்லூரியிற் கணிதம் கற்பித்த பெரியார் ஒருவர் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தார். மணி அடித்து ஓயுமுன் நெடிய எட்டு வைத்து வகுப்பினுட் புகும் அவரை எம்மில் எவர் மறப்பர்? அன்றோ மண்டப வாயிலை அடைந்தவர், பாதம் நிலத்தோடு ஒட்டினாற்போல நின்றுவிட்டார். பின்னால் வந்தோர், “நடவுங்கோ ஐயா” என்றனர். நடக்கும் விருப்பம் அவருக்கு இருந்தது, கால்தான் கேட்கவில்லை.

இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் 1817இல் விரித்தெழுதிய நடுக்குவாதமே அவரைப் பற்றியிருப்பது. இந்நோயில் நடுமூளையின் ஒரு பகுதியிலுள்ள கலங்கள் அழிய, அவை தரும் டோபமீன் என்னும் பொருள் குறைகின்றது. எட்டுச் சுருங்குகின்றது, கைவீச்சு ஒழிகின்றது, வாயிலிலும் திருப்பத்திலும் கால் உறைந்துபோகின்றது. 1960களில் வழக்குக்கு வந்த லெவோடோபாக் குளிகை டோபமீன் குறையை ஈடுசெய்யினும், கால் உறைதலுக்கு எப்பொழுதும் கைகொடுப்பதில்லை. அவ்விடத்திலேதான் நோயாளர் வேறு வழி தேடுகின்றனர். எமது ஆசிரியரும் தேடினார். ஊசி வைத்தியர் ஒருவர், சில வாரம் ஒழுங்காக வந்தாற் குளிகையே வேண்டாம் என்றாராம். ஆசிரியர் நம்பினார், குளிகையை விட்டார். பத்து நாளுட் படுக்கையிற் புரளவும் இயலாதவராய் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அக்குபங்சர் என்னும் இச்சீன வைத்தியம் இலங்கையர்க்குப் புதிதன்று. 1970களிலேயே களுபோவில வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அதனைக் கையாண்டும் கற்பித்தும் வந்தார். பிறநாட்டுச் சரக்கென்று அதனைத் தள்ளுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. பழமையானது என்பதற்காகக் கொள்ளுவாரோடும் அப்படியே. எமது பரியாரிமார் அறிந்த பூனைக்காலி விதையிலே லெவோடோபா உண்டென்பதை இந்திய ஆராய்ச்சியாளர் 1937இல் வெளியிட்டனர். விதையின் பெருமையை நிலைநாட்டியது சோதனை. ஊசியையும் அதே தராசில் இடுதலே முறை.

சோதித்தோர் கண்டது யாது? அமெரிக்காவின் அரிசோனாவில் 15 நோயாளரிடத்து நிகழ்ந்த ஆய்வொன்றில், மின்னூட்டிய ஊசி பெற்றோரின் நடைவேகம் கூடிற்று. நல்ல செய்திதான்; ஆயினும் 15 பேர் ஒரு வகுப்பின் அரைப்பங்கும் ஆகார். 2016இற் கொலராடோவில் இந்நோயாளரின் அயர்ச்சியைக் குறித்து நிகழ்ந்த ஆய்வில், மெய்யூசி பெற்றோரும் பொய்யூசி பெற்றோரும் ஒருங்கே தேறினர்; இரு பகுதியார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை.

பொய்யூசியால் எவ்வாறு தேறுவர் என்று நகைப்போர், 2001இற் கனடாவின் வன்கூவரிற் கண்டதை அறிதல் வேண்டும். மருந்து ஏற்றப்படலாம் என்று எதிர்பார்த்திருந்த நோயாளருக்கு வெறும் உப்புநீரை ஏற்றியபோதும், அவர்தம் மூளையில் டோபமீன் மெய்யாகவே வெளிப்பட்டது. நம்பிக்கையே சிறிதுபொழுது மருந்தாகின்றது! ஆதலால், “ஊசி குத்தியபின் நன்றாக நடந்தேன்” என்னும் நோயாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் அச்சொல் ஊசியின் ஆற்றலுக்குச் சான்றாகவும் மாட்டாது.

எமது கருத்து இதுவே. தூய ஊசியோடு பயிற்சி பெற்றவரை நாடுவோரை யாம் தடுக்கோம். குளிகையோடு சேர்த்து அதனைச் செய்துபார்க்கலாம். குளிகைக்குப் பதிலாக என்பவர் வாயிலை மிதித்தல் ஆகாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினாற் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் உண்டாகி உயிருக்கே இடர் வரலாம்.

காசு வேண்டாத வழியும் ஒன்றுண்டு. கால் உறைந்து நிற்கும் நோயாளர் பலர், நிலத்திலே குறுக்குக்கோடு கண்டால் அதனைத் தாண்டி நடக்கின்றனர். ஒரே சீராய் ஒலிக்கும் தாளத்துக்கும் கால் எடுத்து வைக்கின்றனர். உள்ளிருந்து பிறவாத ஏவல் கண்வழியும் செவிவழியும் வந்து சேருகின்றது போலும். குளிகையை மீண்டும் தொடங்கிய எமது ஆசிரியர்க்கு இதனைக் கற்பித்தவர் வைத்தியசாலையின் இயன்மருத்துவர். இப்பொழுது ஆசிரியர் வீட்டு நடையிலே மகள் வெண்கட்டியாற் கோடுகள் கீறியிருக்கிறார். சென்ற மாதம் யாம் போயிருந்தபோது, அவற்றை ஒவ்வொன்றாய்த் தாண்டி விறாந்தைக்கு வந்தமர்ந்தவர், கோடுகள் சம தூரத்தில் இல்லை என்று எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.