பஸ்ஸுக்கும் பந்தயமா?



பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பரீட்சை உண்டு. ஊருக்குப் பரீட்சை உண்டா? உண்டு என்கிறது டெல்லி! பஸ்ஸுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பணம் வேணும்னா ஊரும் ஊரும் போட்டி போடணுமாம். மார்க் வாங்கின ஊருக்குப் பணம், வாங்காத ஊருக்குப் பட்டை நாமம்!

2015-ல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டம் இப்படித்தான் நடந்தது. ஜெயித்த நகரத்துக்கு ஐந்து வருஷத்தில் மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும் என்றார்கள். திட்டம் எழுதவே நகரத்துக்கு 2 கோடி கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்க கன்சல்டன்ட் கம்பெனிகள் வந்தன. தமிழ்நாட்டில் 12 நகரங்கள் போட்டிக்குப் போய் 11 தேறின. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டும் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டும் அந்தத் திட்டத்தில் புதுசாச்சு. திண்டுக்கல் தேறலை. ஏன், திண்டுக்கல்காரன் பஸ் ஏற மாட்டானா? 2025 மார்ச் 31-ல் திட்டத்தையே முடித்துவிட்டார்கள்.

2023-ல் அடுத்த பந்தயம்: பி.எம். இ-பஸ் சேவா. 10,000 மின்சார பஸ், 169 நகரங்கள், மத்திய அரசு பங்கு 20,000 கோடி. நகரங்களைப் பொறுக்குவது மறுபடி போட்டி வைத்துத்தான். அதில் நிற்கவே 2011 கணக்குப்படி 3 லட்சம் ஜனம் வேணும். சில தலைநகரங்களுக்கு மட்டும் விலக்கு. 300 வீட்டு ஊர் எங்கே போய் நிற்கும்?

நகரத்து ஜனங்க மேல நமக்குப் பொறாமை இல்லை. நம்ம பிள்ளைங்களும் அங்கேதான் வேலைக்குப் போறாங்க. ஆனா விடிகாலை ட்ரிப் வரலேன்னா கத்திரிக்காய் மூட்டை சந்தைக்குப் போகுமா? லோடு ஆட்டோ வாடகைக்கே காய் வித்த காசு சரியாப் போகுது. சாயந்திர ட்ரிப் நின்னா பொண்ணுங்க படிப்பு நிக்குது.

போட்டி வச்சாத்தான் திறமை வளரும்னு சொல்றாங்க. ரேஷன் அரிசிக்குப் போட்டி வைப்பீங்களா? ஏற்கெனவே ஆபீசரும் இன்ஜினியரும் உள்ள ஊர்தான் நல்லா எழுதும், ஜெயிக்கும். பஸ் இல்லாத ஊருக்கு எழுத ஆளும் இருக்காது. பசிச்சவனை ஓட விட்டு, முந்தினவனுக்குச் சோறு போடுற கதை இது!

வேற வழி இல்லையா? இருக்கு. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டி இல்லை. சமவெளியில் 500 பேர், மலையில் 250 பேர் இருந்து, ரோடு இல்லேன்னா ரோடு உண்டு என்று விதி போட்டார்கள். ரோட்டுக்குப் போட்ட விதியை அதில் ஓடுற பஸ்ஸுக்குப் போட்டா என்ன?

நம் கோரிக்கைகள்:

1. பஸ் பணத்தைப் போட்டி வைத்துக் கொடுக்காதே! தேவையைக் கணக்கெடுத்துக் கொடு!

2. பஸ் வராத ஊர்களின் பட்டியலை ஒன்றியம் ஒன்றியமாக வெளியிடு!

3. மத்திய பஸ் திட்டங்களில் கிராமத்துக்குத் தனிப் பங்கு ஒதுக்கு!

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாப் போடுங்க. நம்ம ஊருக்கு எத்தனை ட்ரிப் வரணும், எத்தனை வருதுன்னு தேதியோட எழுதி வையுங்க. தீர்மான நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீங்க!

பஸ் பரிசு இல்லை, உரிமை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்